கிராமச் சாலைப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்: ஒப்பந்தம் மாறும்போது ஊரிடமும் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். தமிழ்நாட்டில் கிராமச் சாலைகளுக்கு மதிப்பீடு போடுகிற, டெண்டர் விடுகிற, அளவெடுக்கிற, பில் பாஸ் பண்ணுகிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன். நான் சிங்கப்பூரில் சாலை வேலையில் இருக்கிறேன். வந்து 17 வருடம் ஆகிறது. மண்வெட்டியும் கையுமாக ஆரம்பித்தவன், இப்போது சைட் சூப்பர்வைசர். பழைய தாரைச் சுரண்டி எடுப்பது, அடித்தளம் போடுவது, ப்ரீமிக்ஸ் (தார் கலந்த ஜல்லி) விரிப்பது, ரோலர் ஓட்டுவது எல்லாம் என் கை பழகிய வேலை. ஆகவே சாலையைப் பற்றித் தெரியாமல் குறை சொல்லும் ஆள் என்று என்னை நினைத்துவிட வேண்டாம்.

என் ஊர் பெயரையோ ஒன்றியத்தையோ ஒப்பந்தக்காரரையோ இங்கே சொல்லப் போவதில்லை. யாரையும் மாட்டிவிடுவதற்காக நான் எழுதவில்லை. எங்கள் ஊருக்கு நடந்தது இன்னோர் ஊருக்கு நடக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

எங்களுடையது கரிசல் காடு. பருத்தியும் மக்காச்சோளமும்தான் வெள்ளாமை. பஸ் போகிற சாலையிலிருந்து ஊருக்குள் வர 2.4 கி.மீ. அந்தச் சாலைக்கு 2022 இல் டெண்டர் ஆனபோது ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். மதிப்பீட்டில் இரண்டு குழாய்ப் பாலங்கள், அதாவது சாலைக்கு அடியில் குழாய் பதித்துத் தண்ணீரைக் கடத்திவிடுகிற சின்னப் பாலங்கள், இருந்தன. அதில் ஒன்று, ஊருக்குக் கிழக்கே புளியமரத்துப் பக்கம் ஓடை குறுக்கிடுகிற இடத்தில். ஓடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வருடத்தில் பத்து மாதம் அங்கே தண்ணீரைப் பார்க்க முடியாது. ஆடு மேயும், பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுவார்கள். ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் மழை பிடித்தால் மட்டும், மேட்டுக்காட்டுத் தண்ணீர் முழுக்க அந்த வழியாகத்தான் இறங்கும்.

2023 கோடையில் சாலை முடிந்தது. அந்த ஓடையில் பாலம் வரவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்டவர்களுக்கு, "எஸ்டிமேட் மாறிவிட்டது" என்ற ஒரே பதில்தான் கிடைத்தது.

அந்த ஐப்பசியில் ஒரு நாள், இரவு ஷிப்ட் முடிந்து வந்து டார்மிட்ரியில் (தொழிலாளர் விடுதியில்) படுத்திருந்தேன். காலை எட்டேகால் இருக்கும், ஊரில் இன்னும் ஆறு ஆகவில்லை. தம்பி வீடியோ காலில் வந்தான். "அண்ணே, ரோட்டைப் பாருண்ணே" என்று போனைத் திருப்பிக் காட்டினான். சாலைக்குக் குறுக்கே முழங்கால் அளவு தண்ணீர். மேல்பக்கம் குளம் மாதிரி தேங்கி, கீழ்பக்கம் அருவி மாதிரி விழுந்துகொண்டிருந்தது. பால் வண்டி அந்தக் கரையிலேயே நின்றுவிட்டது. எங்கள் சித்தப்பா பால் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் வேட்டியைப் பிடித்தபடி தண்ணீரில் இறங்கி நடந்தார். அவருக்கு வயது 63.

தண்ணீர் வடிந்த பிறகு தம்பியை ஒரு டேப்போடு போகச் சொன்னேன். விளிம்பில் தார் தோல் உரிந்த மாதிரிப் பெயர்ந்து கிடந்தது. அதன் அடியில் ஜல்லி கரைந்துபோய், அதற்கும் கீழே கரிசல் ஊறிச் சேறாகியிருந்தது. கரிசலில் வேலை பார்த்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அந்த மண்ணில் போட்ட சாலைக்கு முதல் எதிரி பாரம் ஏற்றிய டிராக்டர்கூட இல்லை, தேங்குகிற தண்ணீர்தான்.

அப்புறம்தான் பெரியப்பா மகன் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டார். மதிப்பீட்டின் நகல், மாற்றிய மதிப்பீட்டின் நகல், செய்த வேலையின் அளவுகளை எழுதிவைக்கிற அளவுப்புத்தகத்தின் பக்கங்கள் கிடைத்தன. படமெடுத்து அனுப்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, எங்கள் ஊர்க்காரர் நான்கு பேர் ஒவ்வொரு வரியாகப் படித்தோம்.

குழாய்ப் பாலம் ஒன்று நீக்கப்பட்டிருந்தது. காரணம் எழுதிய இடத்தில், "நீர்வரத்து இல்லை" என்று இருந்தது. தேதி பார்த்தேன். மே மாதம். சித்திரை வெயிலில் வந்து பார்த்த ஒருவருக்கு அது ஓடை என்றே தெரிந்திருக்காது. அவர் பொய் எழுதினார் என்று நான் சொல்ல மாட்டேன். பார்த்ததை எழுதியிருக்கிறார். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ஐப்பசியில் தண்ணீர் எந்த உயரம் வரும் என்பதைப் புளியமரத்தில் கையை வைத்தே காட்டியிருப்பார்கள்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பாலத்தை நீக்கி மிச்சம் பிடித்த பணத்தில், ஊருக்குள் தெருப் பகுதியில் 110 மீட்டருக்குத் தாருக்குப் பதிலாகச் சிமெண்ட் சாலை போட்டிருந்தார்கள். அது சரியான முடிவு. வீட்டுக் கழிவுநீர் அந்த இடத்தில் எப்போதும் நிற்கும், தார் அங்கே ஒரு வருடம்கூடத் தாங்காது. எந்தப் பொறியாளர் அதை யோசித்தாரோ, அவர் வேலை தெரிந்தவர். ஆனால் ஊரில் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்வது என்ன தெரியுமா? "ஓடைப் பாலத்துப் பணத்தை எடுத்துத் தெருவில் இருக்கிற பெரிய வீட்டுக்காரருக்கு ரோடு போட்டுக் கொடுத்தார்கள்" என்றுதான். நல்ல முடிவுக்கும் கெட்ட பெயர். யாரும் விளக்கிச் சொல்லாததால் வந்த வினை.

ஒப்பந்தம் வேலைக்கு நடுவில் மாறுவதே தப்பு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். மண்ணைத் தோண்டுகிற வேலையில் காகிதத்தில் போட்டது அப்படியே நடந்ததாக எந்த ஊரிலும் சரித்திரம் இல்லை. சிங்கப்பூரிலும் அப்படித்தான். இங்கே அதை வேரியேஷன் ஆர்டர் என்பார்கள், சைட்டில் சுருக்கமாக வி.ஓ. சில வருடங்களுக்கு முன் ஓர் இரவு, ஒரு லேனை மூடிவிட்டுத் தோண்டிக்கொண்டிருந்தோம். வரைபடத்தில் இல்லாத ஒரு பழைய கான்கிரீட் கால்வாய் தட்டுப்பட்டது. எக்ஸ்கவேட்டர் ஓட்டுகிறவர் கையைத் தூக்கிவிட்டார். மணி இரவு 1.40. காலைக்குள் லேனைத் திறந்தாக வேண்டும். அப்படியே மூடி மேலே போட்டுவிட்டுப் போனால் யாருக்கும் தெரியாது. ஆனால் நிறுத்தினோம். படம் எடுத்தோம், நீள அகலம் அளந்தோம், மேற்பார்வை அலுவலர் தரப்புக்கு அந்த நேரத்திலேயே தகவல் போனது. பள்ளத்துக்குமேல் இரும்புத் தகடு போட்டு லேனைத் திறந்துவிட்டோம். இரண்டு நாள் கழித்து, என்ன செய்ய வேண்டும், எந்த விலைப்பட்டியல்படி பணம் என்று எழுத்தில் வந்த பிறகுதான் கை வைத்தோம்.

இங்கே எல்லாம் சொர்க்கம் என்று காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. கூடுதல் வேலைக்குக் காசு கேட்டு இங்கேயும் சண்டை நடக்கும், வழக்குவரைக்கும் போகும். அதற்காகவே 2004 இல் கட்டுமானத் துறைக்கென்று பணப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். செய்த வேலைக்குப் பணம் கேட்டுக் கோரிக்கை கொடுத்தால், மறுதரப்பு அதிகபட்சம் 21 நாளுக்குள் எவ்வளவு தருகிறோம், தராவிட்டால் ஏன் என்று பதில் கொடுத்தாக வேண்டும். எனக்குப் பிடித்தது இதில் இருக்கிற ஒழுங்குதான். மாற்றம் முதலில், எழுத்து அடுத்து, வேலை அதற்குப் பிறகு. அந்த வரிசை மாறக் கூடாது.

நம்மிடம் விதி இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. 2000 ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் மாதிரி ஒப்பந்த ஆவணம், மாற்றங்களைப் பொறியாளர் எழுத்தில் உத்தரவிட வேண்டும் என்கிறது. வாயால் சொன்ன உத்தரவு, பிறகு எழுத்தில் உறுதியாகாவிட்டால் கணக்கில் வராது. திட்ட அறிக்கை தயாரிக்கும்போது ஊராரோடு சேர்ந்து பாதை முழுவதையும் நடந்து பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. சாலை ஓரத்தில் தகவல் பலகை வைத்து, ஒவ்வொரு அடுக்கிலும் எவ்வளவு பொருள் போடப்பட்டது என்பதை உள்ளூர் மொழியில் எழுத வேண்டும் என்று இருக்கிறது. தரத்தைப் பார்க்க மூன்று அடுக்கு ஏற்பாடு இருக்கிறது: வேலையை நடத்துகிறவர்கள், மாநிலத் தர ஆய்வாளர், தேசியத் தர ஆய்வாளர். இத்தனையையும் யோசித்து எழுதியவர்கள் ஊர் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள்தான், சந்தேகமே இல்லை.

ஓட்டை எங்கே இருக்கிறது என்றால், ஊரோடு சேர்ந்து நடப்பது வேலை தொடங்கும் முன்னாலேயே முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் நடுவில் மதிப்பீடு மாறும்போது ஊர் அங்கே இல்லை. ஆய்வாளர் வந்து அளப்பது போட்ட சாலையை. இரண்டு ஜல்லி அடுக்கும் 75 மி.மீ. வீதம் இருக்கிறதா, மேலே ப்ரீமிக்ஸ் 20 மி.மீ. இருக்கிறதா என்று தோண்டிப் பார்ப்பார். எங்கள் ஊரில் அது இருந்திருக்கும், மறுக்கவில்லை. போடாமல் விட்ட பாலத்தை எந்த டேப் வைத்து அளப்பது?

இதைவிட எனக்குத் தூக்கம் வராமல் செய்த விஷயம் ஒன்று உண்டு. இந்தத் திட்டத்தில் ஒப்பந்தக்காரர் ஐந்து வருடம் சாலையைப் பராமரிக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் பொறுப்பு அவர் கட்டியதற்குத்தான். ஒப்பந்தத்திலிருந்தே எடுத்துவிட்ட பாலத்துக்கு யார் பொறுப்பு? தண்ணீர் அரித்துச் சாலை போனால், "இது வேலையின் குறை இல்லை, வெள்ளத்தின் சேதம்" என்று ஒப்பந்தக்காரர் சொல்லலாம், அது சட்டப்படி சரியாகவும் இருக்கலாம். நீங்களோ, ஒப்புதல் பெற்ற மாற்றம் என்று கோப்பைக் காட்டுவீர்கள். கடைசியில் அந்த ஒரு வரிக்கு ஊரில் பால் கேனைத் தூக்குகிறவர்தான் பொறுப்பேற்கிறார். எங்கள் ஊர்ச் சாலை எந்தத் திட்டத்தில் வந்தது என்பது முக்கியமில்லை. மத்திய அரசுத் திட்டமோ, மாநில அரசின் முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டமோ, நடுவில் ஒரு வரியை அடித்துவிட்டால் எல்லாச் சாலையிலும் கதை ஒன்றுதான்.

ஒப்பந்தக்காரர்கள் பக்கமும் பேச வேண்டும். என் மைத்துனர் ஒருவர் சின்ன ஒப்பந்தக்காரரிடம் மேஸ்திரியாக இருக்கிறார். தோண்டியபோது கரிசல் நினைத்ததைவிட ஆழமாக இருந்ததால், கூடுதலாகக் கிராவல் கொட்டச் சொன்னார்கள், கொட்டினார்கள். மாற்றிய மதிப்பீடு ஒப்புதலாகி அந்தப் பணம் கைக்கு வர ஒன்பது மாதம். அதுவரைக்கும் டிப்பர்காரருக்கும் டீசலுக்கும் வட்டிக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார் முதலாளி. அந்த வட்டியை அவர் எங்கே ஈடுகட்டுவார் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த வேலையில் ஜல்லி கொஞ்சம் மெலியும். 3.75 மீட்டர் அகலச் சாலையில் ஒரு கி.மீ. தூரத்துக்கு ஒரு செ.மீ. மெலிந்தால் 37.5 கன மீட்டர் ஜல்லி மிச்சம். நியாயமான மாற்றத்துக்குக் காலத்தோடு காசு கொடுத்தால்தான், நியாயமில்லாததை அவரிடம் தட்டிக் கேட்க உங்களுக்கும் வாய் இருக்கும். இங்கே உள்ள 21 நாள் மாதிரி ஒரு கெடு அங்கேயும் வந்தால் எத்தனையோ சின்ன ஒப்பந்தக்காரர்கள் பிழைத்துக்கொள்வார்கள்.

சரி, நான் கேட்பது இதுதான். குழாய்ப் பாலம், வடிகால், தடுப்புச் சுவர் என்று தண்ணீர் சம்பந்தப்பட்ட எதையும் ஒப்பந்தத்திலிருந்து எடுப்பதற்கு முன் அந்த இடத்துக்கு ஊராட்சித் தலைவரையும், பக்கத்துக் காட்டுக்காரர் இரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்துங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே நிற்கும், எந்தப் பக்கம் பாயும் என்று கேளுங்கள். அவர்கள் சொன்னதையும் அவர்கள் கையெழுத்தையும் கோப்பில் வையுங்கள். அவர்கள் சொன்னபடியேதான் செய்ய வேண்டும் என்றுகூட இல்லை. தொழில் தெரிந்தவர் நீங்கள், முடிவு உங்களுடையது. ஆனால் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்.

கிராம சபையில் வையுங்கள் என்றும் சொல்வேன். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. மே 1 விட்டால் ஆகஸ்ட் 15, நடுவில் மூன்றரை மாதம். சாலை வேலை மும்முரமாக நடப்பதும் அந்தச் சமயத்தில்தான், அதுவரை வேலையை நிறுத்தி வைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் சைட்டிலேயே கேட்கச் சொல்கிறேன். அடுத்து வருகிற சபையில் என்ன நீக்கினோம், என்ன சேர்த்தோம், ஏன் என்று ஐந்து நிமிடம் படித்துவிட்டால் போதும். எங்கள் தெருச் சிமெண்ட் சாலைக்கு வந்த கெட்ட பெயர் அந்த ஐந்து நிமிடத்தில் போயிருக்கும்.

தகவல் பலகையிலும் ஒரு கோடு கிழித்து, மாற்றத்தை அதன் கீழே எழுதிவிடுங்கள். இப்போது பலகை இருக்கிற ஊர்களிலும், அதில் இருப்பது எந்த மதிப்பீடு, முதலில் போட்டதா மாற்றியதா என்று படிக்கிறவருக்குத் தெரிவதில்லை. எங்கள் ஊரில் பத்தாவது படிக்கிற பிள்ளைகள்கூட நீளம், அகலம், தடிமன் பெருக்கிக் கணக்குப் போடுவார்கள். ஒரு பெயிண்டருக்கு அரை நாள் கூலி, அவ்வளவுதான் செலவு. தகவல் கேட்டு மனு போட்டுத்தான் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஊரை வைக்காதீர்கள். 2005 ஆம் ஆண்டுச் சட்டம் வேலையை நேரில் போய்ப் பார்க்கவும், பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும்கூடக் குடிமகனுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. அந்த அளவுக்கு உரிமை இருக்கும்போது, ஒரு பலகையில் இரண்டு வரி எழுதுவது பெரிய விஷயமா?

எங்கள் ஊரிலிருந்து சிங்கப்பூரில் 14 பேர் இருக்கிறோம். கப்பல் பட்டறையில் சிலர், வீடு கட்டுகிற சைட்டில் சிலர், துப்புரவு வேலையில் இரண்டு பேர். அந்த வெள்ளத்துக்கு அப்புறம் ஆளுக்கு 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போட்டு ஊருக்கு அனுப்பினோம். 600 மி.மீ. சிமெண்ட் குழாய் நான்கு வாங்கி இறக்கினார்கள். நாமே ஒரு நாளில் பதித்துவிடலாம் என்று ஊரில் நினைத்தார்கள். பொதுச் சாலையைத் தனியார் வெட்டக் கூடாது என்று அதிகாரி ஒருவர் தடுத்துவிட்டார். அவர் சொன்னது சரி. நானும் அவர் இடத்தில் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். தண்ணீர் எவ்வளவு வருகிறது, அதற்கு எந்த அளவுக் குழாய், மேலே எவ்வளவு மண் மூட வேண்டும் என்று பார்க்காமல் பதித்தால் அது அடுத்த வருடமே நொறுங்கிவிடும். ஆனால் அதைப் பார்த்துச் சொல்ல யாரும் இன்னும் வரவில்லை.

குழாய்கள் நான்கும் இன்னும் புளியமரத்தடியில்தான் கிடக்கின்றன. போன வாரம் தம்பி அனுப்பிய படத்தில், ஒன்றுக்குள் ஆட்டுக்குட்டி படுத்திருந்தது. வருகிற ஐப்பசி முதல் வாரம் எனக்கு லீவு கிடைத்திருக்கிறது, ஊருக்கு வருகிறேன். எங்கள் பகுதியைப் பார்க்கிற பொறியாளர் இதைப் படித்தால், இது தன்னுடைய சாலைதான் என்று அவருக்குப் புரியும். ஒரு காலை ஆறு மணிக்குப் பால் வண்டி வருகிற நேரம் அவர் ஓடைக்கு வந்தால், நான் டேப்போடு அங்கே இருப்பேன். சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். மேட்டுக்காட்டிலிருந்து தண்ணீர் எந்த வழியாக இறங்கும் என்பதை அவர் நடந்தே காட்டுவார்.

இப்படிக்கு,
சிங்கப்பூரிலிருந்து, சாலை வேலை செய்யும் ஒரு கரிசல் காட்டுக்காரன்